உப்பளத்துக்காரி வேஷம்

நடிப்பு என்றால் இன்னொருவராக மாறுவது என்று சொல்லிக்கொடுத்தவர் ஜெயசீலி டீச்சர்தான். அந்தப் பாடத்தையே கேள்வியாக்கி எடுத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து நின்றாள் இசக்கியம்மாள்.

சாலிகிராமத்தில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல்மாடி. அங்கேதான் டீச்சரின் நடிப்பு வகுப்பு. டீச்சருக்கு இசக்கியைவிட வயது குறைவு. இவள் அவரை டீச்சர் என்பாள், அவர் இவளை அக்கா என்பார். யார் குரு என்பதில் இருவருக்கும் குழப்பம் வந்ததில்லை.

இசக்கிக்குத் தொழில் டப்பிங். தமிழ் தெரியாத கதாநாயகிகள் திரையில் வாயசைப்பார்கள், இவள் இருட்டறையில் மைக் முன்னால் நின்று பேசுவாள். அவர்களுக்காகக் காதலிப்பாள், சண்டை போடுவாள், பிள்ளைகூடப் பெறுவாள். படம் ஓடினால் சுவரொட்டியில் அந்தப் பெண் சிரிப்பாள். சோறு போடுகிற தொழில் என்று இவளும் பேசாமல் இருந்துவிடுவாள்.

இந்த முறை அப்படி இருக்க முடியவில்லை.

"டீச்சர், மாரிக்கனியப் படமா எடுத்துட்டாங்க."

மாரிக்கனி ஒரு நாவலில் வருகிறவள். தூத்துக்குடி உப்பளத்தில் வேலை பார்ப்பவள், முப்பதைத் தாண்டியவள், கன்னங்கரேல் என்று இருப்பவள். இசக்கிக்கும் அதே ஊர், அதே நிறம். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அந்த நாவல் கையில் கிடைத்தது. தன் நிறத்தில் ஒருத்தியை இவ்வளவு பிரியமாக எழுத ஒரு ஆள் இருக்கிறாரே என்று அன்றைக்கு அழுதாள். என்றாவது மாரிக்கனியாகத் திரையில் வரவேண்டும் என்றுதான் சென்னைக்கு ரயிலேறினாள். இதை அவள் வீட்டில்கூடச் சொன்னதில்லை, டீச்சர் ஒருவருக்குத்தான் தெரியும்.

"ஆடிஷனுக்குப் போனீங்களே அக்கா, என்ன சொன்னாங்க?"

"டைரக்டர் நல்ல மனுஷன்தான். 'நீங்க அப்படியே மாரிக்கனி, அதுதான் பிரச்சினை'ன்னார். மாரிக்கனியப் பாக்க யாரு டிக்கெட் எடுப்பான்னு என்கிட்டயே கேட்டார்."

"அப்புறம்?"

"வடக்கேருந்து ஒரு பொண்ணக் கூட்டிட்டு வந்துட்டாங்க. பால் நிறம். மூஞ்சி, கை, காலெல்லாம் கருப்பா சாயம் பூசி நிறுத்தியிருக்காங்க. காதுக்குப் பின்னால பூச மறந்துட்டாங்க, அங்கன மட்டும் வெள்ளையாத் தெரியுது."

"நீங்க எங்க பார்த்தீங்க?"

"டப்பிங்குக்கு என்னையத்தான கூப்பிட்டிருக்காங்க."

டீச்சர் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். இசக்கி உட்காரவில்லை.

"மழைக் காட்சியப் போட்டுக் காட்டினாங்க. அள்ளி வச்ச உப்பெல்லாம் மழையில கரையுது, மாரிக்கனி பாத்துக்கிட்டு நிக்கணும். அந்தப் பொண்ணுக்கு வசனம் வரல. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணி எண்ணி அழுதிருக்கா. அந்த எண்ணிக்கைக்கு மேல நான் மாரிக்கனி பேச்சப் பேசி ஒட்டணும்."

"பேசப் போறீங்களா?"

"போவேன். வேற யாராச்சும் பேசினா மாரிக்கனி பட்டணத்துக்காரி ஆயிருவா."

"அப்போ கேள்வி என்ன?"

"நடிப்புன்னா வேற ஆளா மாறுறதுதான்னு நீங்கதான சொன்னீங்க. அந்தப் பொண்ணும் அதத்தான செஞ்சிருக்கு. பெறகு எனக்கு ஏன் இப்படி வலிக்கு?"

வகுப்பில் மற்றவர்களும் வந்துவிட்டிருந்தார்கள். இதுபோன்ற பேச்சு காதில் விழுந்தால் திலீபனால் சும்மா இருக்க முடியாது. குறும்படம் ஒன்று எடுத்தவன், அதனால் எல்லாவற்றுக்கும் அவனிடம் பதில் உண்டு.

"அக்கா, ராஜா வேஷம் போட நிஜ ராஜாவையா தேடிட்டு இருக்கோம்? திறமை இருந்தா யாரும் யாராவும் நடிக்கலாம். ஊரு, நிறமெல்லாம் பார்த்தா கலை எங்க இருக்கும்?"

"அப்போ மகாராணி வேஷத்துக்கு இசக்கி அக்காவக் கூப்பிடுவாங்களா?" என்றாள் வர்ஷா. அவள் நல்ல சிவப்பு, சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவள்.

"அது வேற."

"என்ன வேற?"

திலீபன் தண்ணீர் பாட்டிலைத் திறந்தான்.

டீச்சர் எழுந்தார். "வர்ஷா, மேடையில ஏறு. அக்கா, நீங்க கதவுக்குப் பின்னால போங்க. மழைக் காட்சி. பேச்சு அக்காவோடது, வாயசைக்கிறது நீ."

வர்ஷா ஏறி நின்றாள். கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நாளைக்கு வந்திருக்கப்படாதா மழையே? நாளைக்கு வந்திருந்தா ஒன்ன யாரு வைவா? எம்மவ பீசு கட்டினப்பெறகு வந்திருந்தா, கைய நீட்டி ஒன்னய வான்னு கூப்பிட்டிருப்பேனே."

குரல் தணிந்து தணிந்து வந்து நின்றது. திலீபன் மூக்கை உறிஞ்சினான். பிறகு எல்லாரும் கைதட்டினார்கள். வர்ஷாவைப் பார்த்துத்தான் தட்டினார்கள், வேறு யாரைப் பார்ப்பது? கதவைத் திறந்துகொண்டு இசக்கி வந்தபோது ஒருவரும் திரும்பவில்லை. மைக் முன்னால் நின்ற இத்தனை வருஷமும் கேட்காத கைதட்டல், கேட்டபோது இப்படியா கேட்க வேண்டும்.

"இடம் மாறுங்க. வர்ஷா, இப்போ கேட்டத நீ பேசு," என்றார் டீச்சர்.

வர்ஷா கதவுக்குப் பின்னால் போனாள். இசக்கி மேடை ஏறினாள். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு வந்திருக்கக் கூடாதா மழையே?" என்று தொடங்கினாள் வர்ஷா. மனப்பாடச் செய்யுள் ஒப்பிப்பதுபோல இருந்தது. யாரோ சிரிப்பை அடக்கினார்கள். இசக்கி தொழில்காரி அல்லவா, அந்தக் குரலுக்கும் பிசகாமல் வாயசைத்தாள்.

இரண்டாவது வரியில் வர்ஷாவுக்கு வசனம் மறந்துபோயிற்று. பேச்சு நின்றது.

இசக்கி தானே பேசியிருக்கலாம். அந்த வரிகள் அவளுக்குத் தூக்கத்திலும் வரும். ஆனால் அவள் வாயைத் திறக்கவில்லை. கீழே பார்த்தாள். அங்கே என்ன கரைகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. மெல்லக் குனிந்து, இரண்டு கையாலும் எதையோ அணைத்துக் கூட்டினாள். விரல் இடுக்கில் அது ஓடிப்போயிற்று. மறுபடியும் கூட்டினாள். பிறகு வெறுங்கையோடு நிமிர்ந்து, மழை வந்த திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

யாரும் கைதட்டவில்லை. திலீபனின் கையில் பாட்டில் சாய்ந்து பேண்ட் நனைந்துகொண்டிருந்தது, அவன் கவனிக்கவில்லை. வர்ஷா கதவைப் பாதி திறந்து எட்டிப் பார்த்தவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

டீச்சர்தான் சொன்னார், "காட்சி முடிஞ்சிருச்சு அக்கா."

"தெரியும் டீச்சர்."

அவள் இறங்கவில்லை.

"எல்லாரும் என்னையவே பாக்காங்க," என்றாள்.

"ஆமா."

இசக்கிக்குக் கண்ணீர் வழிந்தது. முந்தானையால் துடைக்கப் போனவள் கையை இறக்கிக்கொண்டாள். முகத்தை மறைக்க மனம் வரவில்லை. ஆனாலும் கேட்க வந்த கேள்வி மீதி இருந்தது.

"அந்தப் பொண்ணு நடிச்சது சரியா தப்பா டீச்சர்? எனக்கு ஏன் வலிக்குன்னு நீங்க இன்னும் சொல்லலையே."

டீச்சர் தன் நாற்காலியைத் தூக்கிவந்து மேடைக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"அந்தப் பொண்ணப் பத்தி நாளைக்குப் பேசுவோம். நீங்க அங்கேயே நில்லுங்க அக்கா, நாங்க இன்னும் பார்த்து முடிக்கல."