கண்டென்சரில் மிச்சம்

குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் பொன்மலைக்கு வந்து ஜெசிந்தாவைப் பார்க்கலாம். முப்பத்திரண்டு வயது. வார நாட்களில் பாலிடெக்னிக்கில் பாடம் எடுப்பாள். சனிக்கிழமைகளில் வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில், பழைய ரேடியோக்களில் இருக்குமே அந்தக் கண்ணாடி வால்வுகளை வைத்து ஆம்ப்ளிஃபயர் கட்டுவாள். கற்றுக்கொள்ள யார் வந்தாலும் சேர்த்துக்கொள்வாள். அவசரப்படுகிறவர்களுக்கு மட்டும் டீ கொடுத்து அனுப்பிவிடுவாள்.

சீடர் மாசிலாமணிக்கு ஐம்பத்தைந்து. ரயில்வே பணிமனையில் வெல்டர். மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்தவர். ஏன் இப்போது வாசிப்பதில்லை என்பதை அவர் முதல் நாளே சொல்லவில்லை.

"சின்னதா ஒரு ஆம்ப் கட்டணும் டீச்சர்."

"பெரிசே வாடகைக்குக் கிடைக்குமே அங்கிள்?"

"பெரிசு வேணாம். பாட்டு மேல ஏறி உட்காராம, பக்கத்துல நின்னா போதும்."

ஜெசிந்தா ஒரு தகரப் பெட்டியைக் கொடுத்துத் துளை போடச் சொன்னாள். துளை போடுவதில் மாசிலாமணியை யாரும் குறை சொல்ல முடியாது. அவருக்குக் கைவராதது காத்திருப்பதுதான்.

முதல் பாடம் கையைப் பற்றியது.

"கரண்ட் இருக்கிற பெட்டிக்குள்ள ஒரு கைதான் போகணும். இன்னொரு கை பாக்கெட்டுல."

"லுங்கியில பாக்கெட் ஏது டீச்சர்?"

"அப்ப முதுகுக்குப் பின்னால கட்டிக்கங்க. ரெண்டு கையும் உள்ள போச்சுன்னா, கரண்ட் ஒரு கையில ஏறி மறு கையில இறங்கும். நடுவுல நெஞ்சு இருக்கு."

மாசிலாமணி சிரித்தார். ஆனால் கையைக் கட்டிக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை ஆம்ப் கட்டி முடிந்து வால்வுகள் சிவந்தன. அவர் கிட்டாரைச் செருகி ஒரு தந்தியை மீட்டினார். வட்டமான, இதமான சத்தம் வந்தது. கூடவே ஒரு இரைச்சலும் வந்தது. ஒரு வயரை இடம் மாற்ற வேண்டியிருந்தது. மாசிலாமணி சுவிட்சை அணைத்தார், பிளக்கைப் பிடுங்கினார், அதே வேகத்தில் கையை உள்ளே கொண்டுபோனார்.

ஜெசிந்தா மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"அதான் அணைச்சுட்டேனே."

"அணைச்சது உங்களுக்குத் தெரியும். கண்டென்சருக்குத் தெரியாது. முந்நூறு வோல்ட்டைப் பிடிச்சு வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு."

இதற்கு மாசிலாமணியிடம் ஒரு வழி இருந்தது. அவரைப் போன்றவர்களிடம் எல்லாவற்றுக்கும் ஒரு வழி இருக்கும். ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கண்டென்சரின் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தொட்டார். படார் என்று பொறி பறந்தது. ஸ்க்ரூடிரைவரின் நுனி கருகியது.

"காலி!" என்றார் பெருமையாக.

ஜெசிந்தா கருகிய நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஒரு வயரை எடுத்து, நடுவில் ஒரு ரெசிஸ்டரும் முனையில் ஒரு கிளிப்பும் வைத்துப் பற்றவைத்தாள். மறுமுனையைப் பெட்டியின் தகரத்தோடு இணைத்தாள்.

"இனிமே கிளிப்பைக் கண்டென்சர்ல மாட்டி இது வழியா விடுங்க. மெதுவா இறங்கும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"மீட்டர் சொல்லும். முள் ஸீரோவுக்கு வரணும்."

அன்று டீ குடிக்கும்போது மாசிலாமணி தானாகவே பேச ஆரம்பித்தார். தம்பி சவரிராஜ் பாடுவான், இவர் கிட்டார் வாசிப்பார். ஒரு கோயில் திருவிழா மேடையில், பாட்டின் நடுவே, தம்பி மைக்கிலேயே சொல்லிவிட்டான்: 'அண்ணே, கொஞ்சம் குறைச்சுக்கங்க. நான் பாடுறது எனக்கே கேட்கலை.' கூட்டம் சிரித்தது. இவர் வயரைப் பிடுங்கிக்கொண்டு இறங்கிவிட்டார். அதோடு பேச்சு நின்றது. வருடங்கள் ஓடிவிட்டன.

"இப்ப தங்கச்சி மக லிடியாவுக்குக் கல்யாணம். ரெண்டு தாய்மாமனும் சேர்ந்து ஒரே ஒரு பாட்டு வாசிச்சா போதும், வேற சீர் எதுவும் வேணாம்னு சொல்லிடுச்சு."

ஜெசிந்தா டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அடுத்த வாரம் மாசிலாமணி லட்டோடு வந்தார்.

"தம்பி வீட்டுக்குப் போனேன் டீச்சர். மனசுல இருந்ததையெல்லாம் உட்கார்ந்து மெதுவாப் பேசினோம். அவன் அழுதான், நானும் அழுதேன். மீன் குழம்பு வச்சுப் போட்டான். கோபமெல்லாம் போச்சு. ஸீரோ!"

அவர் முகத்தைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. ஜெசிந்தா இரண்டு லட்டு சாப்பிட்டாள்.

அதற்கடுத்த வாரம் கையில் எதுவும் இல்லை. முகமும் சரியில்லை. பெஞ்சில் உட்கார்ந்து கைபேசியை வெறித்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு அங்கிள்?"

"நேத்து தம்பியோட ஒத்திகை. கிட்டார் கொஞ்சம் தூக்கலா இருக்குண்ணேன்னான். நல்லவிதமாத்தான் சொன்னான். எனக்கு அதே கோபம், அதே மாதிரி சுருக்குன்னு ஏறிடுச்சு. கிட்டாரை உறையில போட்டுட்டுக் கிளம்பி வந்துட்டேன்."

"ம்."

"அப்ப அன்னிக்கு அழுததெல்லாம் பொய்தானே? முதல் கோணல் முற்றும் கோணல். லிடியாவுக்குப் போன் பண்ணி வேற ஆளை வச்சுக்கம்மான்னு சொல்லிடப் போறேன்."

சொல்லிக்கொண்டே லிடியாவின் எண்ணைத் திரையில் எடுத்தார். அந்தப் பெண்ணைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அவர்.

"போன் அப்புறம் பண்ணலாம். ஆம்ப்ல ஒரு ரெசிஸ்டரை மாத்த வேண்டியிருக்கு. முதல்ல அதைப் பாருங்க" என்றாள் ஜெசிந்தா.

ஆம்ப்பை ஓடவிட்டு நன்றாகச் சூடேற்றினாள். பிறகு அவரே அணைத்தார், பிளக்கைப் பிடுங்கினார், ஒரு கையால் கிளிப்பை மாட்டினார். மீட்டரின் முள் மெல்ல மெல்ல இறங்கி அடியில் படுத்தது.

"காலியா?"

"காலி."

"கிளிப்பை எடுத்துடுங்க. டீ குடிச்சுட்டு வந்து மாத்தலாம்."

டீ ஆறி ஆடை கட்டியது. மாசிலாமணி லிடியாவின் எண்ணை எடுப்பதும் அணைப்பதுமாக இருந்தார். திரும்பி வந்ததும் ரெசிஸ்டரைக் கழற்றக் கையை நீட்டினார்.

"மீட்டர்" என்றாள் ஜெசிந்தா.

வைத்துப் பார்த்தார். முள் கொஞ்சம் மேலே எழுந்து நின்றது.

மாசிலாமணி குனிந்து பிளக்கைத் தேடினார். அது அவர் பிடுங்கிப் போட்ட இடத்தில், தரையிலேயே கிடந்தது.

"நடுவுல யாரு மாட்டினது?"

"யாரும் மாட்டலை."

"அப்ப கண்டென்சர் கெட்டுப்போச்சு."

"நல்ல கண்டென்சர்தான் அங்கிள். உள்ள ஊறிக் கிடந்தது கொஞ்சம் மேல வந்திருக்கு. எல்லாமே இப்படித்தான் வரும்."

மாசிலாமணி குனிந்து முள்ளைக் கிட்டே பார்த்தார்.

"அப்ப முன்னாடி ஸீரோ காட்டினது பொய்யா டீச்சர்?"

"பொய்யா இருந்தா இப்ப முந்நூறு காட்டணும். எவ்வளவு காட்டுது?"

"இருபது."

"ம்."

அவர் லிடியாவின் எண்ணை அணைத்துவிட்டுக் கைபேசியைப் பெஞ்சின் மேல் கவிழ்த்து வைத்தார். இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"கிளிப்பைத் திரும்ப மாட்டுங்க. கை உள்ள இருக்கிற வரைக்கும் எடுக்காதீங்க."