ஒன்பது மூட்டைப் புகை

ஆரல்குளம் அன்னதான அறக்கட்டளையின் அறங்காவலர் மூவரும் பேரறிவாளர்கள் என்பது அவ்வூரில் எவராலும் மறுக்கப்படாத செய்தியாகும். மறுக்கக்கூடிய நான்காமவர் எவரும் கூட்டத்திற்கு அழைக்கப்பட்டதில்லை.

தலைவர் சிவகொழுந்து, செயலர் மாசிலாமணி, பொருளாளர் ஆவுடையப்பன் என்னும் அம்மூவரும் அறக்கட்டளையின் செல்வம் முழுவதையும் ஒரு காற்றாலைக் கம்பெனியின் பங்குகளில் போட்டிருந்தனர். நாள்தோறும் அறுபது முதியோருக்கு மதியச் சோறு பொங்கும் அரிசியை மட்டும் வெளியூர்க் கொடையாளர் ஒருவர் அனுப்பி வந்தார்.

பங்குனியில் ஒருநாள், தணிக்கையாளர் திலகவதி அம்மையார் கொடையாளரின் புதிய விதியை எடுத்துரைத்தார்.

"உங்க முதலீட்டால உண்டாகிற புகை வருஷத்துக்குப் பத்தில் ஒரு பங்கு குறையணும். இப்ப எவ்வளவு புகை, எவ்வளவு குறைப்பீங்கன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள இலக்கு எழுதிக் கொடுங்க. இல்லேன்னா அரிசி வராது."

இதனைக் கேட்ட சமையற்காரி உலகம்மாள் கரண்டியும் கையுமாக வந்து நின்றாள். "பானையில ஒரு வாரத்துக்குத்தான் அரிசி கிடக்கு, அண்ணாச்சி. சட்டுபுட்டுன்னு எழுதிக் குடுங்க."

சட்டுபுட்டென்று எழுதுதல் அறிஞர்க்கு அழகன்று. ஆகையால் புகையை அளக்கும்பொருட்டு மூவரும் பத்துக் கோணிச் சாக்குகளுடன் பேருந்தேறிக் காற்றாலையை அடைந்து அண்ணாந்து பார்த்தனர். கழுத்து வலித்ததேயன்றிப் புகை வரவில்லை.

"என்னவே இது, பேருக்குக்கூடப் புகையைக் காணோம்?" என்றார் சிவகொழுந்து.

"மோசம் போனோம் அண்ணாச்சி," என்று தலையில் கை வைத்தார் மாசிலாமணி. "இல்லாத புகையில எப்படிப் பத்தில் ஒன்றைக் குறைக்கிறது? குறைக்காட்டா அரிசி இல்லையே!"

ஆவுடையப்பன் நெடுநேரம் மோவாயைத் தடவினார். "முதல்ல புகையை உண்டாக்குவோம். அப்புறம் யோக்கியமாக் குறைப்போம்."

இதைவிடச் சிறந்த யோசனையை மற்ற இருவரும் தம் வாழ்நாளில் கேட்டதில்லை. தென்னை மட்டைகளைக் குவித்துத் தீ மூட்டினர். காற்றாலை நாட்டிய இடமாதலால் காற்றுக்குப் பஞ்சமில்லை. புகை மாசிலாமணியின் மூக்கில் பாதியும் சாக்கில் மீதியுமாகப் புகுந்தது.

காவலாளி ஓடி வந்தான். "என்ன பெரியவங்களே, குளிருதா?"

"இல்லப்பா. இலக்கு வைக்கிறோம்," என்று இருமினார் மாசிலாமணி.

வெள்ளிக்கிழமை, வாய் கட்டிய பத்து மூட்டைகளும் அம்மையார் முன் வைக்கப்பட்டன. அவர் ஒவ்வொன்றாக அவிழ்த்தார். பத்தும் வெறுஞ்சாக்கு.

விவரம் கேட்டறிந்த அம்மையார் பேனாவை எடுத்தார். "ஐயா, காற்றாலையில புகையே கிடையாது. புகை பூஜ்யம்னு நானே எழுதிடறேன். அரிசி வந்துடும். தயவுசெய்து வேற எதுவும் செய்யாதீங்க."

அவர் படியிறங்கிய மாத்திரத்தில் ஆவுடையப்பன் முகம் வெளிறினார்.

"அண்ணாச்சி, குடி கெட்டுது! விதி குறைக்கச் சொன்னது ஒரு மூட்டை. அந்தம்மா பத்தையும் அவுத்துக் குறைச்சுப்பிட்டாக. அளவுக்கு மேல ஒன்பது மூட்டை குறைஞ்சு போச்சு. தெரிஞ்சா அரிசியைத் திருப்பி வாங்கிருவாங்க!"

அறுபது பேர் வயிறு அல்லவா! அன்று மாலையே மூவரும் மீண்டும் காற்றாலைக்கு ஓடி, ஒன்பது சாக்குகளை நிரப்பிக் கொணர்ந்து, அரிசி அறையில் அடுக்கிப் பூட்டினர். 'ஆண்டுக்கு ஒன்று மட்டுமே அவிழ்க்கவும்' என்று கதவில் எழுதியும் ஒட்டினர்.

திங்களன்று லாரியில் அரிசி வந்தது. அறையில் இடமின்மையால் மூட்டைகள் தெருவோரம் இறக்கப்பட்டன. எங்கிருந்தோ வந்த காளைமாடு ஒன்று முதல் மூட்டையைக் கொம்பால் கிழித்துத் தின்னத் தொடங்கியது.

"அண்ணாச்சி! வெறுஞ்சாக்குக்குப் பூட்டு, அரிசிக்குத் தெருவா?" என்று சோறு கிண்டும் துடுப்பை ஓங்கிக்கொண்டு பாய்ந்தாள் உலகம்மாள். "மாடு திங்குது, அரிசி குறையுது, பாத்துக்கிட்டு நிக்கீகளே!"

சிவகொழுந்து இரு கைகளையும் விரித்து அவளைத் தடுத்தார்.

"அவசரப்படாத உலகம்மா. குறையிறதுன்னா பத்தில் ஒரு பங்கு. அது முடியட்டும், விரட்டுவோம்."