உப்பு சுமக்கும் செம்மறிகள்

பக்கத்தில் கடலே இல்லாத இமயமலை மேட்டில் உப்பு கிடைக்கிறதே, அங்கே கொண்டுபோய்க் கொட்டியது யார்?

அந்தக் காலத்தில் இமயமலையே கிடையாது. ஆசியா என்கிற பெரிய நிலம் வடக்கே படுத்திருந்தது. நம் தெற்கு நிலம் தனியாகத் தூரத்தில் மிதந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு கடல். நிலமும் பேசும், ஆடுமாடும் பேசும்.

"அக்கா, தனியா இருந்து சலிச்சுப்போச்சு. உன்கிட்டயே வந்துடறேன்" என்று தெற்கு நிலம் கிளம்பியது.

"மெதுவா வாடி! நடுவில நான் இருக்கேன்ல" என்று கடல் கத்தியது.

ஆசையாக ஓடிவருகிறவளுக்கு அதெல்லாம் காதில் விழுமா? வந்த வேகத்தில் அக்காமேல் மோதினாள். சுவரில் முட்டிய பாய் மாதிரி தரை மடிந்து மடிந்து மேலே எழும்பியது. கடலில் பாதி தப்பித்து ஓடிவிட்டது. மீதி மேட்டில் மாட்டிக்கொண்டு, வெயிலில் வற்றி, உப்பாகப் பூத்தது.

வடக்குக் கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த யாங்ஜென், மந்தையோடு வானத்துக்குப் பக்கத்தில் போய்விட்டாள். மலை ஏறி வர மழைமேகத்துக்கு மூச்சு போதவில்லை. விதைத்தது எதுவும் முளைக்கவில்லை. அவள் பிள்ளை பசியில் வீறிட்டான். அவள் கத்தியோடு செம்மறியிடம் வந்தாள்.

"என்னை என்ன பண்ணச் சொல்றே? பிள்ளை அழறான்."

செம்மறியின் கால் பின்வாங்கியது. வாய் மட்டும் நிற்கவில்லை. "ஆத்தா, என்னை அறுத்தா ரெண்டு நாளைக்குக் கறி. அப்புறம்? கீழே எட்டிப் பாரு, வயல் பூரா தானியம். ஆனா கடல்தான் ஓடிப்போச்சே, அவங்க கஞ்சிக்கு உப்புக்கு எங்கே போவாங்க?"

யாங்ஜென் யோசித்தாள். முதலில் நீள மயிர் தொங்கும் சடைமாட்டின்மேல் உப்பைப் பெரிய மூட்டையாக ஏற்றினாள். பாதி மலை இறங்கியதுமே அது, "இந்தப் புழுக்கம் நமக்கு ஆகாது தாயே" என்று உட்கார்ந்துவிட்டது. இழுத்தும் எழவில்லை.

அவள் கை மறுபடி இடுப்புக் கத்திக்குப் போனது.

"இரு, இரு! நான் சுமக்கிறேன்" என்றது கூட இறங்கி வந்த செம்மறி. "ரெண்டு பக்கமும் சின்னப் பையாத் தொங்கவிடு. கம்பளி இருக்கு, முதுகு உரசாது. வழியெல்லாம் மேய்ஞ்சுக்குவேன், தீனியும் கேக்க மாட்டேன்."

கீழ் ஊரில் பாருலி என்கிற உழவுக்காரி உப்பைத் தொட்டு நாக்கில் வைத்தாள். "அடி ஆத்தீ! இத்தனை நாளா இதில்லாமத்தான் சப்புன்னு தின்னுக்கிட்டு இருந்தோமா?" உடனே பைகளைக் காலி செய்து, வாய் முட்டத் தானியம் கொட்டி அனுப்பினாள். தானியம் மலை ஏறி வந்த அன்றைக்குப் பிள்ளை வயிறு நிறையத் தின்றுவிட்டுத் தூங்கினான். செம்மறியின் கழுத்தும் தப்பியது.

அன்று முதல்தான் அந்த மேட்டுச் செம்மறிகள் உப்போடு இறங்கித் தானியத்தோடு ஏறத் தொடங்கின. அடுத்த நடைக்குப் பை கட்ட வந்த யாங்ஜெனிடம் செம்மறி சொன்னது:

"ஆத்தா, உன் பிள்ளை தின்னு தின்னு கொழுகொழுன்னு ஆயிட்டான். தயவுசெஞ்சு பைக்கு மேல அவனையும் ஏத்திடாதே!"