பிசின் கசியாத குங்கிலியம்

காட்டு ஓடையோரம் பெரிய குங்கிலிய மரம் ஒன்று நின்றது. அதன் பொந்துக்குள் மஞ்சி என்ற பெண் இருவாச்சிப் பறவை முட்டையிட்டு, வாசலை மண்பூசி அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அலகு நுழைய ஒரு கீறல்தான் வழி. அந்தக் கீறல் வழியாகப் பழம் ஊட்டுவது புருஷன் கொண்டையனின் வேலை.

மரத்தின் அடியில் முள்ளன் என்ற முள்ளம்பன்றி பட்டையைக் கடித்துத் தின்னும். வருஷா வருஷம் அதற்கு அதுதான் விருந்து.

அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. ஓடையும் வறண்டு கிடந்தது. ஒரு காலையில் கொண்டையன் கீழே பார்த்துப் பதறிப்போனது.

"முள்ளண்ணே, நிறுத்துங்க! கடிச்ச இடத்துல பிசினே வரல, பாத்தீங்களா?"

"நல்லதாப் போச்சு! வாயில ஒட்டாம இருக்கு!"

"பிசின் வந்தாத்தானே காயம் மூடும்! இல்லேன்னா வண்டு புகுந்துடுமே! மரமே தண்ணியில்லாமத் தவிக்குது. பிசினுக்கு எங்கே போகும்?"

"அட, போப்பா! பத்து வருஷமாக் கடிக்கிறேன், இது என்ன செத்தா போச்சு? வண்டுக்குப் போய் நடுங்குறியே!"

சொன்னால் கேட்கிற ஜென்மமா அது? மறுநாளும் வந்து கடித்தது.

வண்டுகள் காயத்துக்குள் புகுந்தன. அவற்றோடு பூஞ்சணமும் போனது. அடிமரத்தில் மரத்தூள் குவிந்தது, இலைகள் பழுத்துக் கொட்டின. முட்டை பொரிந்து குஞ்சு வளரும்போது மரம் உள்ளே உளுத்துப் போயிருந்தது.

"மஞ்சி, வெளியே வந்துடு!"

"பிள்ளைக்கு இறக்கை சரியா முளைக்கலைங்க! இன்னும் நாலு நாள்!"

மூன்றாம் நாளே கோடைக் காற்று சுழன்றடித்தது. மரம் மடமடவென்று முறிய ஆரம்பித்தது!

"உடை, மஞ்சி, உடை!" வெளியிலிருந்து கொண்டையன் கொத்தியது. உள்ளிருந்து மஞ்சி கொத்தியது. வாசல் பெயர்ந்தது. "பற, கண்ணு, பற!" என்று இரண்டும் கத்த, குஞ்சு தட்டுத்தடுமாறிப் பறந்து பக்கத்துக் கிளையில் போய் விழுந்தது. மஞ்சியும் பாய்ந்து வெளியே வந்ததுதான் தாமதம், மரம் காடே அதிரச் சாய்ந்தது!

முள்ளன் புதருக்குள்ளிருந்து மெல்ல எட்டிப் பார்த்தது. "பத்து வருஷமா ஒண்ணும் ஆகலையேப்பா!"

"அந்தப் பத்து வருஷமும் மழை பெஞ்சுதுண்ணே!" என்று கொண்டையன் அழுதுகொண்டே கத்தியது.

நன்றாக இருந்த நாளில் நம்மைப் பொறுத்துக்கொண்டவர் நொந்துபோன நாளிலும் பொறுத்துக்கொள்வார் என்று எண்ணி அவரை வதைக்கக் கூடாது.