மறுபடியும் முழங்கால்

"மேடம், இந்த மெஷின் என்னை ஏமாத்துது" என்றார் தில்லைநாயகம்.

செலின் தலையைத் தூக்கவில்லை. கையிலிருந்த டேப்பின் முதுகில் ஒட்டிய தூசியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி ஏமாத்துது?"

"போன்னா போகுது. போன மாதிரியே சத்தம் போடுது. திறந்து பார்த்தா மறுபடியும் அதே முழங்கால்."

---

குரு என்றதும் தாடியைத் தேட வேண்டாம். செலினுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும் ஊரில், வருடம் முழுக்க மெரூன் கலர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திரிகிற ஒரே பெண் அவள்தான். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் இருந்த டேப் அறை அவளுடையது. அங்கே ஏசி நிற்பதே இல்லை. மனிதர்கள் சிலிர்த்தாலும் பரவாயில்லை, டேப் வியர்க்கக் கூடாது.

சிஷ்யருக்கு ஐம்பத்தைந்து. பில் கவுண்டரில் காலம் தள்ளியவர். கவுண்டரைச் சின்னதாக்கியபோது, வீட்டுக்கு அனுப்ப மனமில்லாமல் நிர்வாகம் அவரைக் கீழே தள்ளிவிட்டது. "மேடம்கிட்ட கத்துக்குங்க" என்றார்கள். அவரும் கோபித்துக்கொள்ளாமல் கற்றுக்கொண்டுதான் இருந்தார்.

பழைய ஸ்கேன் படங்கள் எல்லாம் அந்த டேப்களில் கிடந்தன. வேண்டுமென்றால், டேப்பை மெஷினில் போட்டு, கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்ட வேண்டும். முன்னால் போ. பின்னால் வா. நில். படி. அவ்வளவுதான். தொட்டு நகர்த்த ஒன்றும் கிடையாது. எல்லாம் வாய்வார்த்தை மாதிரி.

முதல் நாள் செலின் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று. டேப்பின் ஓரத்தில் இருக்கும் சிவப்புத் தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டுத்தான் உள்ளே போட வேண்டும். அப்போதுதான் தவறி எதைத் தட்டினாலும் பழையது அழியாது.

"மத்தது?" என்று கேட்டார் அன்றைக்கு.

"நீங்க வந்து கேக்கும்போது" என்றாள்.

அவர் கேட்கவில்லை. மூன்று நாளாக ஒரே டேப்போடு மல்லுக்கு நின்றுவிட்டு, இப்போதுதான் வாயைத் திறந்திருக்கிறார். அவருடைய கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது.

---

"எந்தப் படம் வேணும்?"

"இந்த டேப்புல இருபத்தெட்டாவது. அட்டவணையில இருக்கு. இருபத்தேழைத் தாண்டிப் போன்னு தட்டினேன். நேத்தும் தட்டினேன். முந்தாநாளும் தட்டினேன்."

"வந்தது?"

"யாரோ ஒரு பெரியவரோட முழங்கால்."

அந்த முழங்காலை அவர் இதற்குள் நன்றாகவே அறிந்திருந்தார். வலது கால். சில்லுக்குக் கீழே கோடு மாதிரி ஒரு விரிசல். அதன் சொந்தக்காரர் எதிரே நடந்து வந்தால், முகம் தெரியாவிட்டாலும் கும்பிடு போட்டிருப்பார்.

வீட்டுக்குப் போனால் மனைவி அம்சவேணி கதவைத் திறக்கும்போதே கேட்பாள்.

"இன்னைக்கு?"

"முழங்கால்."

"பாவம், அவருக்குச் சரியாப் போச்சோ என்னவோ" என்பாள் அவள். பிறகு இருவரும் சாப்பிட உட்காருவார்கள். சோறு இறங்காது.

---

செலின் எழுந்து வந்தாள். திரையின் பொத்தானை அமுக்கி அணைத்தாள்.

"என்ன மேடம், இருட்டாக்கிட்டீங்க?"

"முதல்ல தட்டின மாதிரியே தட்டுங்க. பாக்காம."

விசைகள் அவருக்குப் பாடம்தான். தட்டினார். மெஷின் உறுமத் தொடங்கியது.

அவர் வழக்கம்போல நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"எங்க போறீங்க?"

"டீக்கு. இது போய்ச் சேர நேரமாகும்ல."

"தினமும் போவீங்களா?"

"போய்ட்டு வருவேன். வரும்போது நின்னிருக்கும்."

"இன்னைக்கு உட்காருங்க."

உட்கார்ந்தார். உறுமல் நீண்டது. நடுநடுவே ஒரு சின்ன இடறல். ஒவ்வொரு படத்தையும் தாண்டும்போது வரும் இடறல் அது. தன்னையறியாமல் எண்ணத் தொடங்கி, நடுவில் கணக்கு விட்டார். கடைசியில் சத்தம் நின்றது.

"பாத்தீங்களா? போயிருச்சு" என்றார்.

செலின் விரலை உதட்டில் வைத்தாள்.

மெஷின் மறுபடியும் ஓடத் தொடங்கியது. இந்தத் தடவை இடறல் இல்லை. ஒரே மூச்சில், வேகமாக, வீட்டு ஞாபகம் வந்த மாடு மாதிரி. பிறகு அதுவும் நின்றது.

"ரெண்டாவது சத்தம் என்ன?" என்று கேட்டாள்.

"திரும்பி வருது."

"எங்க?"

"ஆரம்பத்துக்கு. முழங்கால்தானே முதல் படம்."

"நீங்க வரச் சொன்னீங்களா?"

"சத்தியமாச் சொல்லலை மேடம்."

"மூணு நாளா அதைப் போ போன்னு விரட்டியிருக்கீங்க. ஒரு தடவையாவது எங்க இருக்கேன்னு அதைக் கேட்டீங்களா?"



---

அந்த மெஷினுக்கு இரண்டு பெயர் உண்டு. கட்டளையில் ஒரு பெயரால் கூப்பிட்டு வேலை சொன்னால், சொன்னதைச் செய்துவிட்டு, யாரும் கேட்காமலே டேப்பை ஆரம்பத்துக்குச் சுருட்டிக்கொள்ளும். இன்னொரு பெயரால் கூப்பிட்டால், வேலை முடிந்த இடத்திலேயே நிற்கும். அடுத்த வார்த்தை வரும்வரை அசையாது.

மெஷினின் நெற்றியில் ஒட்டியிருந்த சீட்டில் முதல் பெயர் மட்டும்தான் இருந்தது. தினசரி வேலைக்கு அது போதும். முழு டேப்பையும் எழுதி, சுருட்டி, எடுத்து அலமாரியில் வைத்துவிடலாம். சீட்டைப் பார்த்தவர் அந்தப் பெயரையே பிடித்துக்கொண்டார். வந்த வழியே திரும்பி ஓடும் மெஷினைத் தினமும் விட்டுவிட்டு, டீக்கடையில் நின்று மனசு பொறுக்காமல் புலம்பியிருக்கிறார். மெஷின் மேல் தப்பே இல்லை. பாவம், அது சொன்னபடிதான் கேட்டது.

இரண்டாவது பெயரைச் செலின் சொன்னாள். திரையையும் போட்டாள்.

அவர் தட்டினார். இம்முறை டீக்குப் போகவில்லை. உறுமல், இடறல், உறுமல். நின்றது.

இருவரும் காத்திருந்தார்கள்.

இரண்டாவது சத்தம் வரவில்லை.

"கேளுங்க" என்றாள் செலின்.

எங்கே இருக்கிறாய் என்று தட்டினார். இருபத்தேழைத் தாண்டி, அடுத்ததன் வாசலில் நிற்பதாகத் திரை சொன்னது.

"படிக்கச் சொல்லுங்க. படம் வரும்."

தில்லைநாயகம் அந்தக் கட்டளையை எழுத்தெழுத்தாகத் தட்டினார். முழுதும் தட்டிவிட்டார். என்டர் ஒன்றுதான் பாக்கி.

விரல் அதற்கு மேலேயே நின்றது.

---

வெகு நேரம் நின்றது.

"சார்" என்றாள் செலின்.

"மேடம், இதைத் திருப்பிச் சுருட்டிட்டு, முதல்ல இருந்து வரலாமா?"

"எதுக்கு?"

"சரியாத்தான் நிக்குதான்னு..."

"சரியாத்தான் நிக்குது."

"இருந்தாலும். சுருட்ட முடியும்ல?"

"முடியும். கட்டளை இருக்கு."

"சுருட்டிட்டு, படின்னா?"

"முழங்கால்தான் வரும்" என்றாள் செலின்.

தில்லைநாயகம் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"யாரோட படம் சார் அது?"

"ஒரு பேஷன்ட்."

செலின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கேள்வியை மறுபடி கேட்கவில்லை. கேட்காமல் உட்கார்ந்திருந்ததே அவருக்குத் தாங்கவில்லை.

"என் சம்சாரம்" என்றார்.

அப்புறம் எல்லாம் வந்தது. இரண்டு வாரமாக இருமல். படம் எடுத்ததில் நுரையீரலில் ஒரு நிழல். ஒன்பது வருஷத்துக்கு முன்னாலும் இதே ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஒரு ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள், வேறு ஏதோ காய்ச்சலுக்கு. அந்த ஃபிலிம் வீடு மாறும்போது தொலைந்துவிட்டது. டாக்டர் சொன்னார்: "அன்னைக்கும் இதே நிழல் இதே அளவுல இருந்திருந்தா ஒண்ணும் செய்ய வேண்டாம், இருந்துட்டுப் போகட்டும். இல்லாம இருந்திருந்தா நெஞ்சைத் திறந்துதான் ஆகணும்." நாளைக்குக் காலையில் ஆபரேஷன் தியேட்டருக்கு நேரம் குறித்தாயிற்று. பழைய படம் கிடைத்தால் இன்றைக்கே காட்டச் சொல்லியிருக்கிறார்.

"மூணு நாளா ஏன் சார் என்கிட்ட சொல்லலை?"

"சொல்லியிருந்தா நீங்க உடனே எடுத்துக் குடுத்திருப்பீங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டது.



"அந்த முழங்காலைப் பாக்குறப்பல்லாம்," என்றார், "அசதியா இருக்கும். எரிச்சலா இருக்கும். ஆனா உள்ளுக்குள்ள, அப்பாடா, இன்னைக்கு இல்லைன்னு ஒரு நிம்மதி மேடம். அதைச் சொன்னா அசிங்கம்."



"அவங்க எங்க இருக்காங்க?" என்று கேட்டாள் செலின்.

"மேல. மருந்துக் கவுண்டர் எதிர்ல பெஞ்சுல. வீட்ல இருன்னு ராத்திரியே சொன்னேன், கேக்கலை. காலையிலேயே வந்து உக்காந்துட்டா."

"இன்னைக்கு அவங்ககிட்ட பேசினீங்களா?"

"படம் கிடைக்கட்டும்னு..."

செலின் எழுந்தாள். கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். கதவுக்கு அப்பால் படியேறும் செருப்புச் சத்தம் கேட்டது.

தில்லைநாயகம் திரையைப் பார்த்தார். கட்டளை அப்படியே இருந்தது. மெஷினும் அப்படியே நின்றது. சுருட்டச் சொல்ல இன்னும் நேரம் இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

அவர் விசைகளைத் தொடவில்லை. களைத்துப்போயிருந்தார். ஓடுகிற களைப்பு வேறு, இது ஓடி ஓடி அதே இடத்துக்கு வந்து நிற்கிறவனின் களைப்பு. அதற்குத் தூக்கம் மருந்தில்லை.

---

கதவு திறந்தது.

அம்சவேணி உள்ளே வந்தாள். அவள் மேல் மெரூன் ஸ்வெட்டர் இருந்தது. பின்னால் வந்த செலின் கைகளைக் கட்டிக்கொண்டு, வெறும் சேலையில், மெஷின் பக்கம் போய் நின்றாள்.

"இப்படிக் குளிர்லயா வேலை பாக்குறீங்க?" என்று கேட்டாள் அம்சவேணி. இருமினாள். "சொல்லவே இல்லையே."

தில்லைநாயகம் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். அவள் உட்கார்ந்தாள். ஸ்வெட்டர் கை நீளமாக இருந்ததால் மடித்துவிட்டுக்கொண்டாள்.

"இதுக்குள்ளயா என் படம் இருக்கு?"

"ம்."

"கிடைச்சிருச்சா?"

அவர் செலினைப் பார்த்தார். செலின் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கதான் நிக்குது" என்றார்.

"அப்புறம் என்ன?"

அம்சவேணி அவரை ஒரு நிமிஷம் ஏறிட்டுப் பார்த்தாள். மாறிப் போட்டிருந்த பொத்தானை எட்டிக் கழற்றி, சரியாகப் போட்டுவிட்டாள்.

"எங்க தட்டணும்?"

"வேணு, கொஞ்சம் இரு."

"இருந்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"அந்தப் பெரிய பொத்தான்" என்றாள் செலின்.

அம்சவேணி தட்டினாள்.

மெஷின் உறுமியது. தில்லைநாயகம் கண்ணை இறுக மூடிக்கொண்டார். உறுமல் நின்றது. திரையில் ஏதோ வந்திருக்க வேண்டும், ஏனென்றால் யாரும் பேசவில்லை.

ஒரு கை அவருடைய கையைத் தேடி வந்து பிடித்தது. அவருடைய கையைவிட அது சூடாக இருந்தது.

"ஏங்க."

"ம்."

"இது முழங்கால் இல்லை. கண்ணைத் தொறங்க."