மாசானத்தின் வீட்டில் மதர்

“மதர், நாம இங்கேருந்து போயிடலாம். வெட்டுவேன்னு மாசானம் சொல்லிட்டுத் திரியுறான்,” என்றார் சிஸ்டர் லெயோனி.

மதர் பிரகாசி ஒரு கூலியாளின் நசுங்கிய விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

“அந்தக் கத்திரியை எடுங்க, சிஸ்டர்.”

மலையடிவாரக் கல்குவாரியில் கொத்தடிமையாகக் கிடந்த குடும்பங்களை அவர்தான் போராடி மீட்டார். மடத்துக்குப் பின்னால் குடிசை போட்டுக் கொடுத்தார். மாசானம் குவாரி முதலாளியின் ஆள்.

“உங்களுக்குப் பயமே இல்லையா?”

“இருக்கு. சோறு இறங்கல. கத்திரி.”

ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் கோயில் படியிறங்கியபோது மாசானம் அரிவாளோடு வந்தான்.

கூட்டம் சிதறியது. மதர் நின்றார்.

“உன் மக பேச்சிக்கு மூச்சிழுப்பு குறைஞ்சுதா, மாசானம்?”

அவன் வெட்டினான்.

வழக்கில் லெயோனி ஒருவர்தான் சாட்சி சொன்னார். அது போதாதென்று அவனை விட்டுவிட்டார்கள்.

அன்று லெயோனி கல்லறைக்குப் போனார்.

“என்னால அவனை மன்னிக்க முடியல. நான் என்ன செய்யட்டும், மதர்?”



மறுநாள் உச்சி வெயிலில் மாசானம் மடத்து வாசலில் நின்றான். முகம் வற்றிப்போயிருந்தது.

“உங்க மதரைக் கூப்பிட்டுக்கிடுங்க, சிஸ்டர்.”

“என்ன சொல்ற?”

“எங்க வீட்டுல இருக்காவ. பேச்சி கட்டில் பக்கத்துல உக்காந்து நெஞ்சைத் தடவுதாவ. நான் உள்ள போனா நிமிந்து பாக்க மாட்டேங்காவ.”

“போயிடு இங்கேருந்து.”

“தாயில்லாப் புள்ள. ஊர்ல ஒருத்தரும் எங்க வாசல்ல கால் வைக்கல. அவிய மட்டும் வாராவ. வேண்டாம்னு சொல்லுங்க. என்னால தாங்க முடியல.”

போய்ப் பார்த்து, பொய்யென்று அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும். லெயோனி அவனோடு நடந்தார்.

கதவு திறந்திருந்தது. மாசானம் வாசலோடு நின்றுவிட்டான்.

உள்ளே கட்டிலில் ஒரு சிறுமி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு முக்காலி. வேறு யாருமில்லை.

அவள் நெஞ்சில் தைலம் இன்னும் பளபளத்தது.

“யாரும்மா தடவிவிட்டது?”

“மதர்.”

லெயோனி முக்காலியைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது.

“எங்கே அவங்க?”

“இப்பதான் எந்திரிச்சுப் போனாவ,” என்றாள் பேச்சி. “இனிமே நீங்கதான்னு சொன்னாவ.”