செம்பி இறங்காத சாம்பல் குழி

ஒரு ஊர்ல ஒரு கோழி, செம்பின்னு பேரு. ஏழு குஞ்சுக்குத் தாய். கோபம் வந்தா கழுத்து முடி அத்தனையும் சிலிர்த்துக்கிட்டு நிக்கும். கோபம் வராம எப்படி இருக்கும்? வீட்டுக்காரன் தவசி பண்ணின காரியம் அப்படி!

தவசி கொல்லையில ஒரு குழி வெட்டி, சுத்திக் கல்லு வச்சு, தினமும் காலையில வெந்நீர் போடுவான். குழி ஆறினதும் அந்தச் சாம்பல் செம்பிக்குத்தான் சொந்தம். குஞ்சுகளோட இறங்கி, சரக் சரக்னு கிளறி, புரண்டு குளிக்கும். பேனெல்லாம் உதிர்ந்துடும். கேக்குறியா? ம். சரி.

ஒருநாள் காத்து விர்ருன்னு வீசுது. அன்னைக்குப் போய் தவசி குழிக்குப் பக்கத்துலயே வைக்கோலைக் குவிச்சு வச்சுக்கிட்டு நெருப்பு மூட்டுறான். பட் பட்னு பொறி பறக்குது. செம்பி, "கொக் கொக் கொக்கேக்!"னு கத்துச்சு.

"ச்சூ! உனக்கெல்லாம் பதில் சொல்லணுமா?"ன்னான்.

அப்புறம் வைக்கோல் புகைஞ்சுது. அவன் பொண்டாட்டி பூரணிதான் ஓடிவந்து தண்ணி ஊத்தினா.

மறுநாள் விறகு ஈரம். தவசி என்ன பண்ணினான் தெரியுமா? எரியுற நெருப்புல மண்ணெண்ணெயைச் சாய்ச்சான். பக்! பாதிப் புருவம் போச்சு.

"மிச்சப் புருவத்தை நாளைக்கு எடுத்துக்கலாம்னு விட்டு வச்சிருக்கீங்களா?"ன்னா பூரணி.

"சும்மா இரு. தண்ணி கொதிச்சுதா இல்லையா?"

பாரேன், எவ்வளவு திமிரு!

அப்புறம் மூணாவது நாள். "தண்ணி ஊத்தி அணைச்சீங்களா?"ன்னு பூரணி கேட்டா.

"தண்ணி ஊத்தினா குழி சேறாயிடும். நாளைக்கு எப்படிப் பத்தும்? மண்ணை அள்ளிப் போட்டாச்சு. நெருப்பு செத்துப்போச்சு."

சாகலை கண்ணு. மண்ணுக்கு அடியில கங்கு செக்கச்செவேல்னு முழிச்சுக்கிட்டு இருந்துச்சு.

அப்போ செம்பி குளிக்க வந்துச்சு. ஓரத்துல ஒரு காலை வச்சுது. சுருக்! பின்னாலயே கீச் கீச்னு ஏழு குஞ்சு. செம்பி ரெண்டு றெக்கையையும் விரிச்சு வழியை மறிச்சு நின்னுச்சு. அப்போ குஞ்சுகளுக்குப் பின்னால தத்தித் தத்தி வர்றது யாரு? தவசியோட மக முல்லை. ஒண்ணரை வயசு. வெறும் காலு. நேரா குழியைப் பாத்து வர்றா.

'குஞ்சைத் தடுத்தேன், இவளை யாரு தடுக்கிறது?'ன்னு நினைச்சுது செம்பி. படபடன்னு பறந்து அவ நெஞ்சுல மோதுச்சு. புள்ள தொப்புன்னு உக்காந்து வீல்னு அழுதா.

தவசி கம்போட ஓடிவந்தான். "என் புள்ளையையா கொத்துற? இன்னைக்கு நீ குழம்புதான்!"

செம்பி ஒரே தாவுல குழியைத் தாண்டிடுச்சு. துரத்தினவன் தாண்டலை. செத்துப்போச்சுன்னு சொன்னானே, அந்த நெருப்புலயே காலை வச்சான். "ஐயையோ!"

பூரணி அவன் காலுக்குத் தண்ணியை ஊத்து ஊத்துன்னு ஊத்தினா. அப்புறம் குழியில ஒரு குடம் ஊத்தினா. புஸ்ஸ்ஸ்! கம்பால கிளறி இன்னொரு குடம். புஸ்ஸ்! மூணாவது குடத்துக்குத்தான் சத்தம் அடங்குச்சு.

"செத்ததுன்னு சொன்னீங்களே, இவ்வளவு நேரம் பேசினது யாரு?"ன்னா.

மறுநாள் வெந்நீர் போட்டு முடிச்சதும் தவசியே மூணு குடம் ஊத்தினான். வெயில்ல சாம்பல் காய்ஞ்சுது. ஆனா செம்பி இறங்கலை. கழுத்து சிலிர்க்க, குஞ்சுகளை மறிச்சுக்கிட்டு அவனையே முறைச்சுது.

"அணைச்சுட்டேன்மா, இறங்கேன்."

"கொக்."

ஒரு கோழிகிட்ட கெஞ்சுற மாதிரி ஆயிடுச்சு பாரு! அப்புறம் தவசி நொண்டி நொண்டி வந்து குத்த வச்சு உக்காந்தான். புறங்கையைச் சாம்பலுக்கு மேல காட்டிப் பாத்தான். சூடு இல்லை. முழங்கை வரைக்கும் உள்ளே விட்டான். செம்பி ஒரு கண்ணால பாத்துச்சு, தலையைத் திருப்பி இன்னொரு கண்ணாலயும் பாத்துச்சு. அதுக்கு அப்புறம்தான் றெக்கையை மடக்குச்சு. ஏழு குஞ்சும் கீச் கீச்னு இறங்குச்சு.

அன்னையில இருந்து தினமும் தவசி கை முதல்ல, குஞ்சுங்க காலு அப்புறம். நெருப்பு மூட்டினவனுக்கு அதை அணைச்சுத் தொட்டுப் பாக்குற வரைக்கும் வேற வேலை கிடையாது கண்ணு.

ம் சொல்லலையே? சரி சரி. குழியும் ஆறிடுச்சு, கதையும் ஆறிடுச்சு. தூங்கு.